நிற்காமல் கடல் கடத்தல்: பட்டைவால் மூக்கனின் பயணம் பற்றிய விவாதங்கள்

ஆண்டுதோறும் செப்டம்பரில் நியூசிலாந்தின் கழிமுகச் சேற்றுவெளிகளில் பறவைக் கூட்டங்கள் மெலிந்த உடலோடு வந்து இறங்குகின்றன. நீண்ட கால்களும், நுனி சற்றே மேல்நோக்கி வளைந்த நெடிய அலகும் கொண்ட பட்டைவால் மூக்கன் அது. உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்த கரைப்பறவை. ஈரச் சேற்றுக்குள் அலகை முழுவதுமாக விட்டுப் புழுக்களையும் சிறு மட்டிகளையும் எடுத்துத் தின்னும். சில வாரங்களுக்கு முன்புவரை இந்தக் கூட்டங்கள் அலாஸ்காவின் மேற்குக் கரையில் இருந்தன. இரண்டு இடங்களுக்கும் நடுவே பசிபிக் பெருங்கடல் 11,000 கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிறது.

இந்தப் பறவை கடற்பறவை அல்ல. வாத்தைப்போல விரலிடைச் சவ்வு கிடையாது. கடல் நீரில் மிதந்து இளைப்பாறும் வழக்கமோ மீன் பிடித்து உண்ணும் திறனோ இல்லை. அப்படியானால் இந்த நீர்ப்பரப்பை அது எப்படிக் கடக்கிறது? இந்தக் கேள்விக்குள் நான்கு கேள்விகள் அடங்கியுள்ளன. வழியில் நிற்கிறதா? நிற்கவில்லை என்றால் எதை எரித்துப் பறக்கிறது? கரையோரமாகப் போகாமல் கடலின் குறுக்கே போவது ஏன்? திசையை எப்படி அறிகிறது? ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விடை மரபு உண்டு. அவை எல்லாம் ஒரே அளவு உறுதி கொண்டவை அல்ல.

கேள்வியின் வயது

பருவந்தோறும் காணாமல் போகும் பறவைகள் எங்கே போகின்றன என்பது மிகப் பழைய கேள்வி. அரிஸ்டாட்டில் காலத்தில் இரண்டு விடைகள் வழங்கின: குளிர்காலத்தில் சில பறவைகள் பொந்துகளில் உறங்கிக் கிடக்கின்றன, சில, வேறோர் இனமாகவே உருமாறிவிடுகின்றன. 17ஆம் நூற்றாண்டில் சார்லஸ் மார்ட்டன் என்ற ஆங்கிலேயர் பறவைகள் நிலாவுக்குப் போய்த் திரும்புகின்றன என்று எழுதினார். இன்று இவை நகைப்புக்கு உரியவையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பறவையைக் கண்ணுக்கு எட்டும் தொலைவுக்கு அப்பால் பின்தொடர வழியில்லாத காலத்தின் ஊகங்கள் இவை என்பதை மறக்கக் கூடாது.

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் பட்டைவால் மூக்கனைக் ‘குவாக்கா’ என்று அழைக்கிறார்கள். அதன் கூட்டைக் கண்டவர் யார் என்று கேட்கும் பழமொழி ஒன்று அவர்களிடம் உண்டு. பல்லாயிரம் பறவைகள் தங்கள் கரையில் மேய்ந்தும் ஒரு முட்டையைக்கூடக் காணாத மக்களின் கேள்வி அது. அவை கடலுக்கு அப்பால் எங்கோ குஞ்சு பொரிக்கின்றன என்ற முடிவு அதற்குள் இருக்கிறது. வேறு பல நாடுகளின் ஊகங்களோடு ஒப்பிட்டால் உண்மைக்கு மிக நெருங்கியது இதுவே எனலாம். மாவோரி முன்னோர் இத்தகைய பறவைகள் போகும் திசையைப் பார்த்துத் தெற்கே நிலம் இருப்பதை ஊகித்திருக்கக் கூடும் என்றும் ஒரு கருத்து உண்டு. அதை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ நேரடிச் சான்று எதுவும் எஞ்சவில்லை.

1899இல் டென்மார்க்கின் மார்ட்டென்சன் எண் பொறித்த உலோக வளையங்களைப் பறவைகளின் காலில் இடும் முறையைத் தொடங்கிவைத்தார். வலசை ஆய்வின் போக்கை மாற்றியது அதுதான். தமிழகத்தின் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகள் நடத்திய ஆய்வும் இந்த வழியைச் சேர்ந்ததே. பட்டைவாலின் நெருங்கிய உறவான கருவால் மூக்கன் வலசை வரும் கரை அது. வளையத்தின் பலம், புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் ஐயமின்றித் தெரிவது. நடுவில் நடந்ததைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பட்டைவால் மூக்கனைப் பொறுத்தவரை சிக்கலே அந்த நடுவில்தான்.

நிற்கிறதா, நிற்கவில்லையா?

20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இரண்டு விடைகள் இருந்தன. பறவைகள் ஆசியக் கரையோரமாக அங்கங்கே இறங்கி உண்டு தெற்கே போகின்றன என்பது ஒன்று. பசிபிக் தீவுகளைப் படிக்கற்களாகக் கொள்கின்றன என்பது மற்றொன்று. 11,000 கிலோமீட்டரை ஒரே மூச்சில் பறப்பது உடலால் ஆகாது என்ற நம்பிக்கையே இரண்டுக்கும் அடிப்படை.

2005இல் ராபர்ட் கில்லும் உடன் ஆய்வாளர்களும் வேறொரு வாதத்தை முன்வைத்தனர். தெற்கு நோக்கிய பருவத்தில் அலாஸ்காப் பறவைகள் ஆசியக் கரைகளில் ஏறக்குறையத் தென்படுவதே இல்லை. இடையிலுள்ள தீவுகளிலும் பெருங்கூட்டங்கள் காணப்படவில்லை. அலாஸ்காவிலிருந்து கிளம்பும் பறவைகள் கொழுத்தும் நியூசிலாந்தை அடைபவை மெலிந்தும் இருக்கின்றன. ஆகவே அவை நிற்காமல் பறந்திருக்க வேண்டும் என்றனர். வலுவான வாதம்தான். ஆனால் அதன் முதன்மைச் சான்று ‘காணவில்லை’ என்பது. ஆளரவமற்ற தீவுகளில் காணாதது, அங்கே இல்லை என்பதற்கு ஈடாகுமா என்ற மறுப்புக்கு அப்போது பதில் இல்லை.

பதில் 2007இல் கிடைத்தது. நியூசிலாந்தில் பிடித்த சில பறவைகளுக்குச் செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் கருவிகள் பொருத்தப்பட்டன. அவற்றுள் ‘ஈ7’ என்று குறிக்கப்பட்ட பெண்பறவை மார்ச்சில் கிளம்பி, சீன, வட கொரிய எல்லையிலுள்ள யாலு ஆற்று முகத்துவாரத்தை நிற்காமல் அடைந்தது. அங்கே சில வாரம் மேய்ந்துவிட்டு அலாஸ்காவுக்குப் போனது. ஆகஸ்டு இறுதியில் அங்கிருந்து கிளம்பி 11,680 கிலோமீட்டரை 8.1 நாளில் கடந்து நியூசிலாந்துக்கே திரும்பியது. சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஓராண்டுச் சுற்றில் அது பறந்த தொலைவு சுமார் 29,000 கிலோமீட்டர்.

2009இல் வெளியான விரிவான ஆய்வறிக்கையில், உடலுக்குள் கருவி பொருத்தப்பட்ட ஏழு பெண்பறவைகள் 8,117 முதல் 11,680 கிலோமீட்டர் வரை, 6 முதல் 9.4 நாள் வரை, நிற்காமல் பறந்தது பதிவானது. 2020இல் சுமார் 5 கிராம் எடையுள்ள சூரிய மின்கருவியைச் சுமந்த ஓர் ஆண்பறவை சுமார் 12,200 கிலோமீட்டர் பறந்தது. 2022 அக்டோபரில் ஐந்து மாத வயதே ஆன ஓர் இளம்பறவை, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரைப் பதினொரு நாளில் கடந்தது.

நிற்காமல் பறக்க முடியும் என்பதில் இனி ஐயமில்லை. ஆனால் இந்தச் சான்றுகளுக்கும் எல்லை உண்டு. கருவி பொருத்தப்பட்ட பறவைகளின் எண்ணிக்கை சிறிது. தொடக்கக் காலக் கருவிகள் கனமானவை என்பதால் உருவில் பெரிய பெண்பறவைகளுக்கே அவை உடலுக்குள் பொருத்தப்பட்டன. நியூ கலிடோனியா போன்ற தீவுகளில் இறங்கிய பறவைகளும் உண்டு. வழியில் விழுந்து மாண்டவை எத்தனை என்பதையோ, கரை சேர்ந்த பறவைகளை மட்டும் பார்த்து ஓர் இனத்தின் வழக்கத்தை எந்த அளவு சொல்லலாம் என்பதையோ இவற்றைக் கொண்டு தீர்மானிக்க முடியாது.

உடலே கட்டுச்சோறு

இரண்டாவது கேள்விக்கான விடை ஒரு விபத்திலிருந்து தொடங்கியது. 1987 அக்டோபரில் அலாஸ்காவின் கோல்டு பே பகுதியில், தெற்கே கிளம்பிய மூக்கன்கள் சில ஒரு ராடார் கூண்டில் மோதி இறந்தன. அவற்றை அறுத்துப் பார்த்த தியூனிஸ் பியர்ஸ்மாவும் கில்லும் 1998இல் முடிவுகளை வெளியிட்டனர். உடல் எடையில் ஏறத்தாழ 55 விழுக்காடு கொழுப்பு. அரைவைப்பை, ஈரல், சிறுநீரகம், குடல் ஆகியவை சுருங்கியிருந்தன. பயணத்தின்போது உண்ணப் போவதில்லை என்பதால் செரிமான உறுப்புகள் வீண்சுமை. பறவை கிளம்பும் முன்பே அவற்றைக் குறைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இறந்த ஒரு கைப்பிடி இளம்பறவைகளை வைத்து முழு இனத்தைப் பற்றிப் பேசலாமா என்பது நியாயமான மறுப்பு. பின்வந்த ஆய்வுகள் அதைத் தளர்த்தின. ஆஸ்திரேலியாவிலிருந்து சீனா வரை பறக்கும் ‘கிரேட் நாட்’ என்ற உள்ளானைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டவர்கள், மூளையும் நுரையீரலும் தவிரப் பெரும்பாலான உறுப்புகள் வழியில் குறைந்ததைக் கண்டனர். நெதர்லாந்தின் வாடன் கடலில் தங்கும் பட்டைவால் மூக்கன்களிடம் வேறொரு நுட்பம் தெரிந்தது. கொழுப்பு சேர்க்கும் தொடக்கத்தில் செரிமான உறுப்புகள் முதலில் பெருக்கின்றன. புறப்பாடு நெருங்கும்போதுதான் சுருங்குகின்றன. எனவே தேவைக்கு ஏற்ப உறுப்புகளைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் உடல் என்ற சித்திரமே இன்று பொருத்தமாகத் தோன்றுகிறது.

எரிபொருளாகக் கொழுப்பு தேர்வானதற்கும் காரணம் உண்டு. ஒரு கிராம் கொழுப்பு தரும் ஆற்றல், அதே எடை மாவுச்சத்தோ புரதமோ தருவதைப்போல இரு மடங்குக்கும் மேல். எரியும்போது அது ஏறத்தாழத் தன் எடை அளவுக்கே நீரையும் விடுவிக்கிறது. குடிக்க நன்னீர் இல்லாத பயணத்தில் அது சிறிய உதவியன்று. மூக்கன் மணிக்குத் தன் எடையில் சுமார் 0.42 விழுக்காட்டை மட்டுமே செலவிடுகிறது என்று ஸ்வீடனின் ஆண்டர்ஸ் ஹெடன்ஸ்ட்ரோம் 2010இல் கணக்கிட்டார். ஆனால் ஓய்வுநிலைச் செலவைப்போல எட்டு முதல் பத்து மடங்கு ஆற்றலை ஒன்பது நாள் இடைவிடாமல் செலவிடுவது, முதுகெலும்பிகளுக்கு வகுக்கப்பட்ட எல்லைக் கணக்குகளோடு எளிதில் ஒத்துப்போவதில்லை. பறப்பின் செலவைக் கணிக்கும் சூத்திரங்கள் மிகைப்படக் காட்டுகின்றனவா, அல்லது எல்லையே தவறாகக் குறிக்கப்பட்டதா என்பது முடிவாகவில்லை.

உறக்கமும் இங்கே ஒரு புதிர். காலாபகஸ் தீவுகளின் கடற்கொள்ளைப் பறவைகள் பறந்தபடியே நாளொன்றுக்குச் சராசரியாக 42 நிமிடம் உறங்குகின்றன என்பது 2016இல் மூளை மின்னலைப் பதிவுகளால் தெரியவந்தது. ஆனால் அவை இறக்கையை விரித்து மிதப்பவை. இடைவிடாது இறக்கை அடித்துக்கொண்டே செல்லும் மூக்கனுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்துவது அவசரம்.

கடல்: தடையா, பாதையா?

மூன்றாவது கேள்வியில் கருத்துகள் கூர்மையாகப் பிரிகின்றன. மரபான பார்வைக்குப் பெருங்கடல் ஒரு தடை. வேறு வழியில்லாத பறவை, ஆபத்தை ஏற்று அதைத் தாண்டுகிறது. கில் குழுவினர் 2009இல் இதைத் தலைகீழாக்கினர். அவர்கள் பார்வையில் கடல் பாதுகாப்பான நெடுஞ்சாலை. வல்லூறுகள் போன்ற வேட்டைப் பறவைகள் அங்கே அரிது. பல நிலங்களில் இறங்கினால் தொற்றக்கூடிய ஒட்டுண்ணிகளும் நோய்களும் இல்லை. தொலைவும் குறைவு, ஆசியக் கரையைச் சுற்றினால் பல ஆயிரம் கிலோமீட்டர் கூடும்.

இந்த வாதத்துக்குத் துணை நிற்பது காற்று. மூக்கன்கள் அலாஸ்காவிலிருந்து எந்த நாளிலும் கிளம்புவதில்லை. அலூசியத் தீவுகளை ஒட்டி உருவாகும் தாழ்வழுத்த மண்டலம் நகர்ந்து போகும்போது, அதன் பின்புறத்தில் தெற்கு நோக்கி வீசும் காற்றில் ஏறுகின்றன. பசிபிக்கின் காற்று மண்டலங்களை நீண்டகாலப் பதிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளியானது. பயணத்தின் பல கட்டங்களிலும் பறவைகள் சாதகமான காற்றைத் தேர்வதாக அது காட்டியது.

இங்கே இரண்டு ஐயங்கள் எழுகின்றன. முதலாவது, பறவை முன்னறிகிறதா, அல்லது கிளம்பும் இடத்துக் காற்றை மட்டும் பார்க்கிறதா? ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் காற்றை அது உணர முடியும் என்பதற்குச் சான்று இல்லை. பருவத்தோடு ஒட்டிவரும் காற்று ஒழுங்கு பல தலைமுறைகளில் அதன் உள்ளுணர்வில் படிந்திருக்கலாம் என்ற விளக்கம் எளிமையானது; ஆனால் சோதிக்கக் கடினமானது. இரண்டாவது, கடல் அத்தனை நல்ல சாலை என்றால் வடக்கே திரும்பும்போது அதே பறவை ஏன் மஞ்சள் கடல் வழியாகச் சுற்றுகிறது? வடக்கு நோக்கிய நேர்வழியில் காற்றின் துணை குறைவு. பனி உருகும் மே மாதத்தில் முட்டையிடப் போகும் பறவை, வெற்று உடலோடு அலாஸ்காவை அடைவதும் ஆபத்து. ஆகவே கடல் தடையா பாதையா என்பதற்கு ஒரே விடை இல்லை. பருவத்தையும் திசையையும் பொறுத்து அது மாறுகிறது என்பதே பொருத்தமான வாசிப்பு.

திசை யார் சொன்னது?

நான்காவது கேள்வியே மிகக் குறைவாகத் தீர்ந்தது. 1950 வாக்கில் ஜெர்மனியின் குஸ்தாவ் கிராமர், மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவை சூரியனைத் திசைகாட்டியாகக் கொள்வதைக் காட்டினார். 1960களில் ஸ்டீபன் எம்லன், சிறு பாடும்பறவைகள் விண்மீன்களின் சுழற்சியைக் கொண்டு வடக்கை அறிவதைக் கோளரங்கச் சோதனைகளால் காட்டினார். அதே பத்தாண்டில் வொல்ஃப்காங் வில்ச்கோ, ஐரோப்பிய ராபின் புவியின் காந்தப்புலத்தை உணர்வதைக் காட்டினார்.

காந்த உணர்வு எங்கே இருக்கிறது என்பதில் இரு தரப்புகள். கண்ணிலுள்ள கிரிப்டோகுரோம் என்ற புரதத்தில் ஒளிபடும்போது நிகழும் வேதிவினையே அடிப்படை என்பது ஒரு தரப்பு. இதற்கு வித்திட்டவர் கிளாஸ் ஷுல்டன், 1978இல். ராபினின் கிரிப்டோகுரோம்-4 புரதம் சோதனைக் குழாயில் காந்தப்புலத்துக்கு இசைவது 2021இல் தெரியவந்தது. அலகிலுள்ள இரும்புத் துகள்களே காந்தமுள் என்பது மறுதரப்பு; புறாவின் அலகில் கண்ட இரும்புச் செல்கள் நோயெதிர்ப்பு அணுக்கள்தான் என்ற 2012ஆம் ஆண்டு ஆய்வால் அது பின்னடைவு கண்டது. சோதனைக் குழாயில் இசைவது, பறக்கும் பறவையின் மூளையில் திசையாக எப்படி மாறுகிறது என்ற இடைவெளி முதல் தரப்பையும் விடவில்லை.

இந்தச் சோதனைகள் பெரும்பாலும் கூண்டிலுள்ள சிறுபறவைகளை வைத்து நடந்தவை. மூக்கனோ நிலநடுக்கோட்டைக் கடக்கிறது. பறவையின் காந்தத் திசைகாட்டி வடக்கையும் தெற்கையும் பிரித்து அறிவதில்லை. காந்தக் கோடுகளின் சாய்வைக் கொண்டு துருவத்தின் பக்கம் எது என்பதை மட்டுமே அறிகிறது. நிலநடுக்கோட்டருகே அந்தச் சாய்வு மறைகிறது, தாண்டியபின் பொருள் தலைகீழாகிறது. வடமீனும் தொடுவானுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு கருவி தடுமாறும் இடத்தில் மற்றொன்று கைகொடுக்கிறது என்பதே பலரும் ஏற்கும் ஊகம். அந்தக் கைமாற்றம் எப்படி நடக்கிறது என்பதை நடுக்கடலில் யாரும் அளந்ததில்லை.

பிறவி அறிவா, பயின்ற அறிவா என்ற விவாதமும் இதோடு சேர்ந்தது. பெர்டெக் 1958இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், ஆயிரக்கணக்கான ஸ்டார்லிங்குகள் நெதர்லாந்திலிருந்து சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விடப்பட்டன. முதிர்ந்தவை பாதையைத் திருத்திக்கொண்டன; இளையவை பழைய திசையிலேயே பறந்து வேறிடம் சேர்ந்தன. பிறவியில் வருவது திசை, அனுபவத்தில் வருவது வரைபடம் என்று இதைச் சுருக்கலாம். டாஸ்மேனியாவை அடைந்த இளம்மூக்கன், ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடைப்பட்ட கடலுக்கு வந்தபின் மேற்கே திரும்பிக் கரை சேர்ந்தது. அது பிழையின் திருத்தமா, காற்றின் செயலா, வேறு உணர்வின் தூண்டலா என்பதை ஒரு தனிப் பறவையைக் கொண்டு சொல்ல இயலாது.

சேற்றின் கணக்கு

வானத்தில் இத்தனை தாங்கும் பறவை, தரையில் எளிதில் நொடிகிறது. வடக்கு நோக்கிய பயணத்தில் அது கொழுக்கும் இடம் சீனாவும் கொரியாவும் சூழ்ந்த மஞ்சள் கடலின் சேற்றுவெளி. அரை நூற்றாண்டில் அந்தச் சேற்றுவெளியில் 65 விழுக்காடு வரை அழிந்துபோனதாக 2014இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. தென் கொரியாவின் சேமாங்கும் பகுதியில் மட்டும் 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் 2006இல் மூடப்பட்டுப் பெரும் ஓதநிலம் கடலிலிருந்து துண்டிக்கப்பட்டது.

கரைப்பறவைகளின் எண்ணிக்கை குறைவதற்குக் காரணம் இந்தச் சேற்றிழப்புதானா என்பதும் விவாதிக்கப்பட்டது. வேட்டை, ஆர்க்டிக்கின் வெப்ப உயர்வு, ஆஸ்திரேலியக் கரைகளின் சீர்கேடு என மாற்று விளக்கங்கள் உண்டு. இவற்றைப் பிரித்தறிய உதவியது, ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் வளையமிட்ட மூன்று கரைப்பறவை இனங்களைப் பற்றி 2016இல் வெளியான ஆய்வு. பறவைகள் ஆஸ்திரேலியாவில் தங்கும் மாதங்களில் உயிர்பிழைக்கும் விகிதம் மாறவில்லை. வெளியே பயணத்தில் இருக்கும் மாதங்களில் மட்டும் சரிந்தது. மஞ்சள் கடலை அதிகம் சார்ந்திருக்கும் இனங்களே வேகமாகக் குறைகின்றன என்று 2017ஆம் ஆண்டு ஒப்பீடும் காட்டியது. ஒத்துப்போதல் காரணத்துக்கு ஈடாகாது என்றாலும், சான்றுகள் ஒரே பக்கம் சாய்கின்றன. சீனா 2018இல் கடல் நிரப்பும் வணிகத் திட்டங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2019இல் சீனக் கரையின் சில பகுதிகளும், 2021இல் கொரியச் சேற்றுவெளிகளும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. எஞ்சிய சேறு போதுமா என்பது இனி வரும் கணக்கெடுப்புகளில்தான் தெரியும்.

பறவைகளும் மாறாமல் இல்லை. நியூசிலாந்திலிருந்து அவை கிளம்பும் நாள், சுமார் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ ஆறு நாள் முன்னகர்ந்தது என்று 2021இல் வெளியான ஆய்வு கூறுகிறது. தலைமுறைத் தேர்வைவிடத் தனிப் பறவைகள் தம் பழக்கத்தை மாற்றிக்கொண்டதே இதற்கு முதன்மைக் காரணம் என்பது அதன் முடிவு. அந்த நெகிழ்வுக்கும் எல்லை இருக்க வேண்டும். அது எங்கே என்பது தெரியவில்லை.

மதிப்பீடு

நான்கு கேள்விகளின் இன்றைய நிலையைத் தொகுக்கலாம். நிற்காமல் பறக்கிறது என்பது நிறுவப்பட்டது. உடலைக் கரைத்துப் பறக்கிறது என்பது பெருமளவு உறுதி. ஆற்றல் எல்லையும் உறக்கமும் மீதமிருக்கின்றன. கடல்வழித் தேர்வுக்குக் காற்றும் பாதுகாப்பும் நம்பத்தக்க காரணங்கள். ஆனால் வடக்கே போவதும் தெற்கே வருவதும் வேறு வேறு தர்க்கம் கொண்டவை. திசையறிவில் பல கருவிகள் தெரிகின்றன. நிலநடுக்கோட்டைத் தாண்டும் பறவை அவற்றை எப்படி இணைக்கிறது என்பது கிட்டத்தட்ட இருளே.

இந்த விவாத வரலாற்றில் ஒன்று திரும்பத் திரும்ப நிகழ்ந்திருக்கிறது. கருவிகள் நுண்மையாக ஆக, ‘இது இயலாது’ என்று வகுத்த எல்லைகளைப் பறவை தாண்டியிருக்கிறது. அதனால் அதன் தாங்குதிறனுக்கு எல்லையே இல்லை என்ற முடிவுக்கு வருவது இன்னொரு பிழையாகும். இதுவரை தாண்டியவை வானத்தில் நாம் வரைந்த எல்லைகள். மார்ச் முதல் மே வரை அது கொழுக்க வேண்டிய சேற்றின் பரப்பை நிலமீட்புத் திட்டங்கள் தீர்மானிக்கின்றன, அதைத் தாண்டிப் பறக்கும் வழி எந்த ஆய்விலும் தென்படவில்லை. குவாக்காவின் கூடு எங்கே என்ற பழைய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அந்தக் கூட்டை அடையும் வழியில் அது எங்கே இரை தேடும் என்பது, இப்போது பல நாடுகள் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக நிற்கிறது.